தாயின் ஓய்வும் பிள்ளையின் பிரிவும்: பிரித்தானியாவில் ஓய்வுப் பராமரிப்பின் வரலாறு

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் பின்னர் பிரித்தானியாவில் உருவாகிய நலன்புரி அரசின் வரலாற்றை எழுதப் புகுவோர், 1942ஆம் ஆண்டின் பெவறிஜ் அறிக்கையையும் 1948 யூலை 5ஆந் திகதி தொடங்கிய தேசிய சுகாதார சேவையையும் முதன்மைப்படுத்துவர். அது பொருத்தமானதே. ஆயின், நடக்கவோ பேசவோ தானாக உண்ணவோ இயலாத ஒரு பிள்ளையை இரவும் பகலும் வீட்டில் வைத்துப் பராமரிக்கும் தாய் எப்போது உறங்குவாள் என்ற கேள்வி அவ்வரலாறுகளிற் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மருத்துவமனைகளும் ஓய்வூதியங்களும் அரசியல் வரலாற்றின் பொருளாகக் கொள்ளப்பட, வீட்டினுள்ளே நிகழும் கூலியற்ற உழைப்போ இயற்கையின் ஏற்பாடு எனக் கருதப்பட்டு வந்தமையே இதற்குக் காரணமாகும்.

அவ்வுழைப்புக்கு இடைவெளி உண்டு என்பதை அரசும் சமூகமும் ஏற்றுக்கொண்டமையின் வரலாறே 'ஓய்வுப் பராமரிப்பின்' வரலாறு எனலாம். ஆங்கிலத்தில் 'ரெஸ்பிற் கெயார்' என வழங்கும் இவ்வேற்பாட்டின்படி, அங்கவீனமுற்ற அல்லது மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைச் சில மணித்தியாலங்களுக்கோ சில நாட்களுக்கோ பிறர் ஏற்றுப் பராமரித்து, மீண்டும் குடும்பத்தினரிடமே ஒப்படைப்பர். ஏற்பாடு எளியது, அதனுள்ளே பொதிந்துள்ள முரண்பாடு எளியதன்று. தாய்க்கு ஓய்வாக அமையும் நாட்கள் பிள்ளைக்குப் பிரிவாக அமைகின்றன. இவ்விரண்டும் எல்லாக் காலத்தும் ஒன்றோடொன்று மோதியே தீரவேண்டும் என்பதில்லை. அவை மோதியனவா இணங்கியனவா என்பதை, பிள்ளை எவ்விடத்தில், எவர் கையில் விடப்பட்டது என்பதே பெரிதும் தீர்மானித்தது.

இவ்வேற்பாடு தோன்றுவதற்கு முன்னிருந்த நிலையை முதலில் நோக்குதல் வேண்டும். 1913ஆம் ஆண்டின் மனக்குறைபாட்டுச் சட்டம், அக்காலத்து மொழியில் 'மனக்குறைபாடுடையோர்' எனப்பட்டவர்களைப் பல வகையினராகப் பிரித்து, அவர்களைச் சமூகத்திலிருந்து விலக்கி வைக்கும் நிறுவனங்களுக்குச் சட்ட அடிப்படையை வழங்கிற்று. (அச்சட்டம் கையாண்ட வகைப்பெயர்கள் பிற்காலத்தில் வசைச்சொற்களாகிவிட்டமையால் அவற்றை ஈண்டு எடுத்துக்கூற வேண்டியதில்லை.) நிறுவனத்திற் சேர்க்கப்படுபவர் முறைப்படி அத்தாட்சிப்படுத்தப்படல் வேண்டும், அவ்வாறு உட்சென்றவர் வெளிவருவது எளிதன்று. ஆகவே பெற்றோர் முன் இரு வழிகளே இருந்தன. ஒன்றில் பிள்ளையை முற்றாகக் கையளித்துவிட வேண்டும். அன்றேல் எவருடைய உதவியுமின்றி ஆயுட்காலம் முழுவதும் வீட்டில் வைத்திருக்க வேண்டும். இடைநிலை எதுவும் இருக்கவில்லை. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் இந்நிலையைத் தளர்த்தவில்லை. கல்வி கற்பிக்க இயலாதவர் என முடிவு செய்யப்பட்ட பிள்ளைகளை அது பாடசாலை முறைமைக்கு வெளியே நிறுத்தியது. பாடசாலை இல்லையென்றால் பகற்பொழுதின் ஓய்வும் தாய்க்கு இல்லை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இம்மௌனத்தை முதலில் உடைத்தோர் பெற்றோரே. 1946ஆம் ஆண்டில் ஜூடி பிரைட் என்னும் தாயார், குழந்தை வளர்ப்புப் பற்றிய ஒரு சஞ்சிகைக்குத் தம்மைப் போன்ற பெற்றோரை அழைத்துக் கடிதம் எழுதினார். பல குடும்பங்களிலிருந்து மறுமொழிகள் வந்தன. அதன் விளைவாகத் தோன்றிய பெற்றோர் சங்கமே பின்னர் 'மென்கப்' எனப் பெயர்பெற்ற பேரமைப்பாக வளர்ந்தது. பிள்ளையின் நிலையை அயலாரிடமும் மறைத்து வாழ்ந்த குடும்பங்கள், தமது துன்பம் தனித்துன்பமன்று என்பதைக் கண்டுகொண்ட தருணம் அது. பெற்றோர் அமைப்பாகத் திரண்டிராவிடின் பின்வந்த சீர்திருத்தங்களுட் பல நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே.

அரசின் முதலாவது அசைவு 1952ஆம் ஆண்டிற் காணப்படுகின்றது. அவ்வாண்டு சுகாதார அமைச்சு வெளியிட்ட 5/52 இலக்கச் சுற்றுநிருபம், அவசர வேளைகளில் ஒருவரை அத்தாட்சிப்படுத்தாமலே குறுகிய காலத்திற்கு மனக்குறைபாட்டு வைத்தியசாலைகளில் ஏற்றுக்கொள்ள அனுமதித்தது. தாய் நோயுற்றாலோ, மகப்பேற்றுக்குச் செல்ல நேர்ந்தாலோ, முற்றாகக் களைத்துப் போனாலோ, பிள்ளையைச் சில வாரங்கள் வைத்தியசாலையில் விட்டுவிட்டுத் திரும்ப அழைத்துச் செல்ல முடிந்தது. சட்டம் 'முற்றாக' அல்லது 'ஒன்றுமில்லை' என நின்ற இடத்தில் ஒரு சிறு வாயில் திறக்கப்பட்டது.

இவ்வாயில் கருணையால் மாத்திரம் திறக்கப்பட்டதன்று. அக்காலத்தில் இவ்வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. நிரந்தர இடத்துக்குக் காத்திருந்தோர் பலர். ஒரு படுக்கையை ஒருவருக்கு ஆயுள் முழுவதும் வழங்குவதிலும், அதே படுக்கையை ஓராண்டிற் பல குடும்பங்களுக்கு மாற்றி மாற்றி வழங்குவது அரசுக்குச் சிக்கனமானது. ஓய்வுப் பராமரிப்பு, காத்திருப்போர் பட்டியலைக் குறுக்கும் கருவியாகவும் பிறந்தது எனக் கொள்ளல் தவறாகாது. இப்பிறப்பின் தழும்பு நெடுங்காலம் மறையவில்லை. இரு வாரங்களுக்கென வந்த பிள்ளை, பல ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்தவர்களின் படுக்கைகளுக்கிடையே, அதே நீண்ட கூடத்தில், அதே தாதிமாரின் பொறுப்பில் விடப்பட்டது. தாய் எந்த இடத்திற்குத் தன் பிள்ளையை நிரந்தரமாக அனுப்ப அஞ்சினாளோ, அந்த இடத்திலேயே அவளுக்கு ஓய்வு வழங்கப்பட்டது.

அதே 1952ஆம் ஆண்டில் வேறொரு நிகழ்வும் நடந்தது. இலண்டனிலுள்ள ரவிஸ்ரொக் சிகிச்சை நிலையத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் றொபேட்சன் என்பார், வைத்தியசாலையில் எட்டு நாட்கள் தனித்திருந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் நிலையைப் படம்பிடித்து வெளியிட்டார். சத்திரசிகிச்சை வெற்றியாயிற்று, ஆனால் தாயைப் பிரிந்த குழந்தையின் முகத்திற் படிந்த துயரைப் படக்கருவி மறைக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் ஜோன் போல்பி உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையும் தாய்ப் பிரிவின் பாதிப்பையே பேசிற்று. வைத்தியர்களும் தாதிமாரும் முதலில் எதிர்த்தனர். பின்னர் படிப்படியாக இணங்கினர். 1959ஆம் ஆண்டின் பிளற் அறிக்கை, வைத்தியசாலையிலுள்ள குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றிப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என விதந்துரைத்தது.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். எட்டு நாட் பிரிவு ஒரு குழந்தையின் உள்ளத்தை என்ன செய்யும் என்பதை அறிவுலகம் கற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், பேச்சற்ற, காரணம் விளங்கிக்கொள்ள இயலாத பிள்ளைகள் வாரக்கணக்காக அந்நியக் கூடங்களில் விடப்பட்டனர். போல்பியின் கோட்பாடு இவர்களுக்கும் பொருந்தும் என்று பெரும்பாலோர் எண்ணவில்லை. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு மன உணர்ச்சியும் குன்றியே இருக்கும் என்ற எழுதப்படாத நம்பிக்கை ஒன்று அக்காலத்து நிருவாகத்தின் அடியில் இருந்தது. இவ்விடைவெளியை நிரப்ப ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன.

அந்நம்பிக்கையை அசைத்த முதலாய்வாளருள் ஜக் ரிசாட் குறிப்பிடத்தக்கவர். நியூசிலாந்திற் பிறந்த இவ்வுளவியலாளர் 1958ஆம் ஆண்டில், இலண்டன் பவுண்டன் வைத்தியசாலையிலிருந்த பதினாறு பிள்ளைகளைச் சறே மாவட்டத்தின் புறூக்லண்ட்ஸ் என்னும் பெரிய வீடொன்றுக்கு அழைத்துச் சென்று, சிறுவர் பாடசாலையை ஒத்த சூழலில் வளர்த்தார். வைத்தியசாலையிலே தங்கிய, இவர்களை ஒத்த ஏனைய பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, புறூக்லண்ட்ஸ் பிள்ளைகளின் பேச்சு வளர்ச்சியும் உணர்ச்சி நிலையும் தெளிவாக முன்னேறியிருந்தன. குறைபாட்டின் விளைவெனக் கருதப்பட்டவற்றுட் பல, உண்மையிற் கூடத்தின் விளைவுகள் என்பது இதனாற் புலனாயிற்று.

ரிசாட்டும் ஜக்குலின் கிராட்டும் 1961இல் வெளியிட்ட நூலோ மறுபக்கத்தைக் காட்டியது. பிள்ளையை வீட்டில் வைத்திருந்த 150 குடும்பங்களையும் நிறுவனத்தில் விட்டிருந்த 100 குடும்பங்களையும் அவர்கள் ஆராய்ந்தனர். வீட்டில் வைத்திருந்த குடும்பங்களிலே இடநெருக்கடியும் பணத்தட்டுப்பாடும் மிகுந்திருந்தன. உறவினர், நண்பர் தொடர்பு சுருங்கியிருந்தது. நிறுவனம் பிள்ளைக்குக் கேடு. நிறுவனமின்மை குடும்பத்துக்குக் கேடு. ஒரே ஆய்வாளரின் இரு நூல்களில் இவ்விரு முடிவுகளும் அடுத்தடுத்து வந்தமை அக்காலத்தின் நெருக்கடியை நன்கு விளக்குகின்றது.

1967ஆம் ஆண்டில் கார்டிவ் நகரின் ஈலி வைத்தியசாலையில் நோயாளர் கொடுமைப்படுத்தப்படுவதாகப் பத்திரிகைச் செய்தி வெளியாயிற்று. ஜெப்ரி ஹௌ தலைமையிலான விசாரணைக்குழுவின் அறிக்கை 1969இல் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. 1971ஆம் ஆண்டு வெள்ளையறிக்கை, வைத்தியசாலைகளில் வாழும் வளர்ந்தோரின் படுக்கைகளை இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைப்பதென அறிவித்தது. அதே ஆண்டில், எப்பிள்ளையையும் கல்விக்கு அப்பாற்பட்டதெனத் தள்ளும் வழக்கமும் சட்டப்படி முடிவுக்கு வந்தது. இவையனைத்தும் முற்போக்கான மாற்றங்களே. ஆயினும் கூடத்தின் கதவு மூடப்படுமாயின் அங்கிருந்த குறுகியகாலப் படுக்கையும் மறையும். மாற்றாக எது வரும் என்பதை வெள்ளையறிக்கை போதியளவு கூறவில்லை. பராமரிப்பு சமூகத்திடம் ஒப்படைக்கப்படுவதாகச் சொல்லப்பட்டது. அச்சொல்லின் நடைமுறைப் பொருள் குடும்பம் என்பதும், குடும்பம் என்பதன் நடைமுறைப் பொருள் பெண் என்பதும், 1983இல் ஜனற் பிஞ்ச், டல்சி குறோவ்ஸ் ஆகியோர் தொகுத்த 'அன்பின் உழைப்பு' என்னும் நூலில் அழுத்தமாக எடுத்துக்காட்டப்பட்டன.

மாற்று வழி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அக்காலத்திற் பல இலட்சம் பேர் பார்த்த 'குறொஸ்றோட்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர்நாடகத்தில், பாத்திரமொன்று வீதி விபத்தினாற் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் வாழ்வதாகக் கதை அமைக்கப்பட்டது. அப்பாத்திரத்தை உண்மைக்கு ஒத்ததாக்க முயன்ற தயாரிப்பாளர், றக்பி நகரத்தில் வாழ்ந்த, உடல் செயலிழந்த இளைஞர் ஒருவரின் தொடர்பைப் பெற்றனர். அவர் தமது நிலையைக் காட்டிலும் தம் தாயின் நிலையையே எடுத்துரைத்தார். ஆண்டுக்கணக்காகத் தம்மைத் தூக்கி, கழுவி, உடுத்தி, இரவிற் புரட்டிப் படுக்கவைக்கும் தாய்க்கு மாற்றாள் இல்லை என்பதே அவருடைய முறைப்பாடு. தொலைக்காட்சி நிறுவனம் 10,000 பவுண் வழங்க, 1974ஆம் ஆண்டு றக்பியில், நாடகத்தின் பெயராலேயே ஒரு திட்டம் ஆரம்பமாயிற்று.

இத்திட்டத்தின் புதுமை அதன் திசையில் இருந்தது. அதுவரை பிள்ளை பராமரிப்பை நோக்கி எடுத்துச் செல்லப்பட்டது. இப்போது பராமரிப்பு பிள்ளையின் வீட்டுக்கு வந்தது. பயிற்றப்பட்ட பராமரிப்பாளர் ஒருவர் குறித்த நேரத்தில் வந்து, தாய் செய்வனவற்றைத் தாய் செய்யும் முறையிலேயே செய்வார். அவ்வேளையில் தாய் கடைக்குச் செல்லலாம், கோயிலுக்குச் செல்லலாம், அல்லது அடுத்த அறையில் வெறுமனே உறங்கலாம். எதற்காக ஓய்வு என்ற விளக்கம் கேட்கப்படவில்லை. ஓய்வும் பிரிவும் ஒன்றேயல்ல என்பதை முதன்முதலிற் பெருமளவில் நடைமுறையிற் காட்டியது இத்திட்டமே. பின்னர் அது நாடெங்கும் பரவியது. அவ்வமைப்பு 2012இல் மற்றொரு பராமரிப்போர் நிதியத்தோடு இணைந்து புதுப்பெயர் பெற்றது. (தொடர்நாடகங்களை இழித்துரைக்கும் கல்விமான்கள் இதனை நினைவிற் கொள்வது நன்று.)

இதேபோன்று பெரிதும் பேசப்படாத இன்னோர் உதவியையும் சுட்டலாம். தலிடொமைட் மருந்தினாற் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பற்றிய கிளர்ச்சியின் விளைவாக, அரசு வழங்கிய 30 இலட்சம் பவுணோடு 1973இல் குடும்ப நிதியம் தோன்றிற்று. அது குடும்பங்களுக்கு வழங்கியவற்றுட் சலவை இயந்திரம் முக்கியமானது. நாள்தோறும் நனைந்த படுக்கைத்துணிகளைக் கையாற் கழுவியவளுக்கு அதுவும் ஓய்வுப் பராமரிப்பேயாகும்.

வீட்டைவிட்டுச் செல்லவேண்டிய பிள்ளைக்கும் வேறொரு வழி 1976ஆம் ஆண்டளவில் லீட்ஸ் நகரிலும் சொமர்செற் மாவட்டத்திலும் உருவாயிற்று. உள்ளூராட்சி மன்றம் சாதாரணக் குடும்பங்களைத் தெரிந்தெடுத்து, பயிற்சியும் சிறு கொடுப்பனவும் வழங்கி, ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு குடும்பத்தோடு இணைத்தது. பிள்ளை ஒவ்வொரு முறையும் அதே வீட்டுக்கே சென்றது. அவ்வீட்டின் நாயையும் சமையலறையையும் அறிந்தது. இரு குடும்பங்களும் காலப்போக்கில் உறவினர் போலாயின. பழைய கிராமங்களில் மாமியோ சிற்றன்னையோ செய்ததை, உறவுகள் சிதறிய கைத்தொழில் நகரத்தில் மன்றம் திட்டமாக மீள அமைத்தது எனலாம். எக்செற்றரில் வைத்தியர் பிரெடறிக் பிரிம்பிள்கோம் நடத்திய ஹனிலண்ட்ஸ் நிலையமோ, சிகிச்சையையும் விளையாட்டையும் குறுகியகாலத் தங்கலையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்து, பிள்ளைக்குப் பழக்கமான இடத்திலேயே தாய்க்கு ஓய்வளித்தது. 1982இல் ஒக்ஸ்பேட்டில் அருட்சகோதரி பிரான்சிஸ் டொமினிக்கா தொடங்கிய ஹெலன் இல்லம், ஆயுட்காலம் குறுகிய பிள்ளைகளுக்கான உலகின் முதலாவது இல்லமாகும். கடும் நோயுற்ற ஒரு சிறுமியைப் பெற்றோர் ஓய்வுபெறும் பொருட்டு அவர் இடையிடையே தம்மிடம் வைத்திருந்தமையே அதன் வித்து.

எனினும் இவை தீவுகளே. பெரும்பாலான பிள்ளைகள் அப்போதும் வைத்தியசாலைகளிலும் விடுதிகளிலுமே தங்கினர். அவர்களின் பக்கத்திலிருந்து வினாவை எழுப்பியவர் மொறீன் ஒஸ்வின். வைத்தியசாலைப் பாடசாலை ஆசிரியையாகப் பணியாற்றிய இவர், அங்குள்ள பிள்ளைகளின் வெறுமையான வார இறுதிகளைப் பற்றி 1971இலேயே எழுதியிருந்தார். குறுகியகாலப் பராமரிப்பை ஆராய்ந்து 1984இல் அவர் வெளியிட்ட நூல் பலருக்குக் கசப்பாயிற்று. பெற்றோர் போராடிப் பெற்ற ஓர் உதவியை அவர் குறைகூறுகிறார் எனத் தோன்றியமையே காரணம். அவர் கண்டது இதுவே: பிள்ளைகள் வீட்டை நினைந்து ஏங்கினர், ஆனால் அவ்வேக்கம் ஏக்கமெனப் பெயரிடப்படவில்லை. உண்ண மறுத்தலும் அழுகையும் குறைபாட்டின் இயல்புகளாகக் கொள்ளப்பட்டன. நாளை தாய் வருவாள் எனச் சொல்லி விளங்கவைக்க முடியாத பிள்ளைக்கு நான்கு நாட்களும் நான்கு ஆண்டுகளும் ஒன்றே என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. றொபேட்சனின் படம் வெளிவந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்தே, அதே உண்மை இப்பிள்ளைகளுக்கும் உரியதெனக் கூறவேண்டியிருந்தது.

ஒஸ்வினின் நூல் தாய்மாருக்கு எதிரானதன்று. ஓய்வின் தேவையை அவர் மறுக்கவில்லை. அது வழங்கப்பட்ட முறையையே மறுத்தார். பிள்ளையின் அழுகையை நன்கறிந்திருந்தும் வேறு வழியின்றி வாசலிற் கைவிட்டுத் திரும்பிய தாய்க்கு அந்த ஓய்வு எத்துணை ஓய்வாக இருந்திருக்கும் என்பதும் இதனுடன் இணைந்த கேள்வியாகும்.

பின்வந்த சட்டங்கள் இக்கருத்தை ஓரளவு உள்வாங்கின. 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம், அங்கவீனமுற்ற பிள்ளையை முதலிற் பிள்ளையாகவே கணித்தது. பிள்ளை ஒரு சுமை என்ற பொருள் தொனிப்பதாகக் கருதி, 'ரெஸ்பிற்' என்ற சொல்லையே பலர் கைவிட்டு 'குறுகிய இடைவேளை' என வழங்கலாயினர். பெயர் மாற்றத்தால் மாத்திரம் பொருள் மாறிவிடாது. எனினும் அது ஓர் அடையாளமே. 2007இல் அரசு அங்கவீனமுற்ற பிள்ளைகளின் குடும்பங்களுக்கென 34 கோடி பவுணை அறிவித்து, அதில் 28 கோடியைக் குறுகிய இடைவேளைகளுக்கு ஒதுக்கியது. 2011ஆம் ஆண்டு ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள், இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்கள் இச்சேவையை வழங்குவதைக் கடமையாக்கின. ஆயின் கடமை சட்டமாகிய அதே வேளையில், அதற்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட நிதியின் வேலி நீக்கப்பட்டது. சிக்கனக் கொள்கையின் கீழ்ப் பல மன்றங்கள் இல்லங்களை மூடின, நேரங்களைக் குறைத்தன. 2020இல் பெருந்தொற்றின்போது எஞ்சியவையும் பல மாதங்கள் அடைபட்டிருந்தன. பிள்ளை பதினெட்டு வயதை எட்டியதும் சிறுவர் சட்டத்தின் ஏற்பாடுகள் விலகி வேறொரு நிருவாகத்தின் கையில் அவர் விழுவதும், முதுமையடையும் பெற்றோருக்குத் தேவை மிகும் அக்காலத்திலேயே உதவி குறைவதும் இன்னொரு குறையாகும்.

வளர்ந்தோர் விடயத்தில் இவ்வேற்பாடு எவ்வாறு தன் பழைய வடிவத்துக்கே மீளக்கூடும் என்பதை இலண்டனில் நிகழ்ந்த ஒரு வழக்குக் காட்டிற்று. தந்தையின் பராமரிப்பில் வாழ்ந்த, மனவிறுக்கம் உடைய ஏறத்தாழ இருபது வயது இளைஞர் ஒருவர், தந்தை நோயுற்றிருந்தமையால் 2009 டிசம்பர் இறுதியிற் சில நாட்கள் ஓய்வுப் பராமரிப்புக்கெனச் சென்றார். உள்ளூராட்சி மன்றம் அவரை வீட்டுக்குத் திருப்பியனுப்பவில்லை; வேறொரு நிலையத்தில் வைத்துக்கொண்டது. தந்தை மீண்டும் மீண்டும் கேட்டார். மகனும் வீடு செல்லவே விரும்பினார். நாட்கள் மாதங்களாகின. 2010 டிசம்பரில் நீதிமன்றத்தின் கட்டளையினாலேயே அவர் வீடு திரும்பினார். 2011 யூனில் நீதிபதி பீற்றர் ஜக்சன் வழங்கிய தீர்ப்பு, மன்றம் அவரைத் தடுத்து வைத்தமை சட்டத்துக்கு மாறானதென்றும், அவருடைய சுதந்திரத்துக்கும் குடும்ப வாழ்வுக்குமான உரிமைகள் மீறப்பட்டனவென்றும் கூறிற்று. சில நாட்களுக்கென அவர் வீட்டைவிட்டுச் சென்று அப்போது ஏறத்தாழ ஓராண்டு கழிந்திருந்தது.